கூட்டமைப்புச் சேமிப்பில் அறிவியல் தரவுப் பகிர்வு: ஆவடி – அயப்பாக்கம் நோய்ப்பரவியல் ஆய்வுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பெரும் அறிவியல் தரவுத் தொகுதிகளைப் பல இடங்களில் உள்ள களஞ்சியங்களில் வைத்துக்கொண்டே பொதுவில் பயன்படுத்தும் முறை கூட்டமைப்புச் சேமிப்பு எனப்படுகிறது. துகள் இயற்பியலிலும் தட்பவெப்பவியலிலும் நிலைபெற்றுவிட்ட இம்முறை, மனிதர்களைப் பற்றிய மருத்துவத் தரவுகளுக்கு வரும்போது வேறு சில தேவைகளை எதிர்கொள்கிறது. சென்னையின் மேற்குப் புறநகரான ஆவடி, அம்பத்தூர், அயப்பாக்கம் பகுதிகளில் வளர்ந்த நோய்ப்பரவியல் ஆய்வுகளைச் சான்றாகக் கொண்டு, தரவைப் பகிர்வதற்கு எவை இன்றியமையாதவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தரவின் படிகளைப் பெருக்குவதைக் காட்டிலும் தரவின் பொருளையும் அதனை அணுகும் உரிமையையும் ஒழுங்குபடுத்துவதே பகிர்வின் அடிப்படை என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: கூட்டமைப்புச் சேமிப்பு, மீத்தரவு, நோய்ப்பரவியல், அடையாள மறைப்பு, ஆவடி, அயப்பாக்கம்

முன்னுரை

ஓர் ஆய்வின் முடிவு கட்டுரையாக வெளிவந்து பலரையும் சென்றடைகிறது. அம்முடிவுக்கு அடிப்படையான தரவோ பெரும்பாலும் அதனைத் திரட்டிய நிறுவனத்திலேயே தங்கிவிடுகிறது. பிறிதோர் ஆய்வாளர் அம்முடிவைச் சரிபார்க்கவோ, அதே தரவிடம் புதிய வினாவைத் தொடுக்கவோ விரும்பினால் அவருக்குத் தரவு வேண்டும். இத்தேவையை நிறைவேற்ற இரு வழிகள் உள்ளன. எல்லாத் தரவையும் ஓரிடத்தில் குவிப்பது ஒன்று. அவை இருக்கும் இடத்திலேயே இருக்க, பொது விதிகளால் அவற்றை இணைப்பது மற்றொன்று. இவற்றுள் இரண்டாம் வழியே கூட்டமைப்பு முறையாகும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் அமைந்துள்ளது. இந்நிறுவனத்தோடும் இதன் முன்னோடி அமைப்புகளோடும் தொடர்புடைய ஆய்வுகள் அரை நூற்றாண்டு கால அளவினைக் கொண்டவை. கூட்டமைப்பு முறையின் பயனையும் அதன் முன்நிபந்தனைகளையும் விளக்குவதற்கு இவை பொருத்தமான சான்றுகளாக அமைகின்றன.

1. ஆவடியிலிருந்து அயப்பாக்கம் வரை

தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் 1999 ஜூலை 2 அன்று உருவாயிற்று. ஆவடியில் இயங்கிவந்த மத்திய ஜால்மா தொழுநோய் நிறுவனத்தின் களப்பிரிவும், சென்னையில் இயங்கிவந்த மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனமும் ஒன்றாக இணைக்கப்பட்டதன் விளைவு அது. ஊர் ஊராகச் சென்று மக்களைப் பரிசோதித்துப் பதிவு செய்யும் மரபும், பதிவுகளை எண்களாக்கிக் கணிக்கும் மரபும் இதனால் ஒரே கூரையின் கீழ் வந்தன.

இந்நிகழ்வுக்கு முன்னரே இப்பகுதியில் இரு பெரும் கள ஆய்வுகள் நடைபெற்றிருந்தன. முதலாவது, காசநோய்த் தடுப்பில் பி.சி.ஜி. தடுப்பூசியின் பயனை அறிவதற்காக அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கப்பட்ட ஆய்வாகும். இதில் 3,66,625 பேர் பதிவு செய்யப்பட்டனர். அவர்களுள் 2,81,161 பேருக்குத் தடுப்பூசியோ அதைப் போன்ற வெற்று மருந்தோ குலுக்கல் முறையில் அளிக்கப்பட்டது. 15 ஆண்டுகள் அவர்கள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டனர். பி.சி.ஜி. தொழுநோயையும் தடுக்கிறதா என்னும் வினாவுக்கும் இதே மக்களிடையே விடை தேடப்பட்டது.

இரண்டாவது, ஆவடிக் களப்பிரிவு 1991-இல் தொடங்கிய தொழுநோய்த் தடுப்பூசி ஒப்பீட்டு ஆய்வாகும். எம். டி. குப்தே தலைமையில் நடைபெற்ற இதில் 1,71,400 பேர் விரும்பிப் பங்கேற்றனர். நான்கு வகைத் தடுப்பூசி முறைகள் வெற்று மருந்தோடு ஒப்பிடப்பட்டன. 1998-இல் வெளியான முடிவின்படி ஐ.சி.ஆர்.சி. தடுப்பூசி 65.5 விழுக்காடும், பி.சி.ஜி.யோடு செயலிழந்த தொழுநோய் நுண்ணுயிரியைச் சேர்த்த தடுப்பூசி 64 விழுக்காடும், பி.சி.ஜி. மட்டும் 34.1 விழுக்காடும், எம்.டபிள்யூ. தடுப்பூசி 25.7 விழுக்காடும் பாதுகாப்பு அளித்தன.

இவ்விரு ஆய்வுகளின் முடிவுகளும் சில பக்கக் கட்டுரைகளில் அடங்கிவிடுகின்றன. ஒவ்வொருவரின் வயது, ஊர், ஊசி இட்ட நாள், பரிசோதனை முடிவு, அடுத்தடுத்த கண்காணிப்பில் கண்டவை ஆகியன அடங்கிய மூலப் பதிவுகளோ பல லட்சம் வரிசைகளாக விரிபவை. ஒரே நிலப்பரப்பில், வெவ்வேறு நோய்களுக்காக, வெவ்வேறு அமைப்புகள், வெவ்வேறு காலத்தில் திரட்டிய இத்தகைய பதிவுகளை ஒப்பிட்டுக் காணும்போதுதான் பகிர்வின் சிக்கல் முழுமையாகப் புலப்படுகிறது.

2. குவிப்பும் கூட்டமைப்பும்

மையக் களஞ்சியத்தில் ஒரே மேலாண்மை, ஒரே விதி, ஒரே முகவரி ஆகியவை அமையும். தேடுவதற்கு எளிது, ஆனால் தரவு முழுவதும் ஓரிடத்தை நம்பியிருக்கும். பரவல் களஞ்சியத்தில் தரவு பல சர்வர்களில் பிரித்து வைக்கப்படும். எனினும் அவை அனைத்தும் ஒரே நிறுவனத்தின் ஆளுகைக்கு உட்பட்டவை. கூட்டமைப்புக் களஞ்சியத்திலோ ஒவ்வொரு நிறுவனமும் தன் களஞ்சியத்தைத் தானே ஆளுகிறது. அதே வேளையில், வெளியிலிருந்து காண்பவருக்கு அனைத்தும் ஒரே பட்டியலாகத் தோன்றுமாறு சில பொது ஒப்பந்தங்களை அந்நிறுவனங்கள் ஏற்கின்றன.

அப்பொது ஒப்பந்தங்கள் நான்கு கூறுகளைக் கொண்டவை. முதலாவது நிலைப்பெயர். ஒவ்வொரு தரவுத் தொகுதிக்கும் இடம் மாறினாலும் மாறாத ஓர் அடையாளம் வேண்டும். கோப்பு எந்த சர்வரில் உள்ளது என்பதைப் பயனர் அறியவேண்டியதில்லை. அப்பெயருக்கு உரிய படிகள் எங்கெங்கு உள்ளன என்பதைப் பொதுப்பட்டியல் கூறும். இரண்டாவது சரிபார்ப்புத் தொகை. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் ஒரு சுருக்க எண் அது. ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும் என்பதால் இரு இடங்களில் உள்ள படிகள் ஒன்றா என்பதை உடனே அறியலாம். மூன்றாவது, தரவைப் பற்றிய தரவாகிய மீத்தரவு. நான்காவது அணுகல் உரிமை. ஒரு நிறுவனம் சான்றளித்த ஆய்வாளரை மற்ற நிறுவனங்கள் அடையாளம் கண்டு ஏற்பதும், அவருக்கு எதைக் காட்டலாம் என்பதைத் தரவின் காப்பாளரே முடிவு செய்வதும் இதில் அடங்கும்.

இம்முறையின் மிகப் பெரிய எடுத்துக்காட்டு, ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு மையமான செர்னின் துகள் மோதல் ஆய்வுகளுக்காக அமைந்த உலகளாவிய கணிப்பு வலையமைப்பாகும். செர்னின் வட்டுச் சேமிப்பு மட்டுமே 2023-இல் 10 லட்சம் டெராபைட் அளவைக் கடந்தது. அடுக்கடுக்காக அமைந்த இவ்வலையமைப்பின் இரண்டாம் அடுக்கில் இந்தியாவின் இரு மையங்கள் பங்கேற்கின்றன. கொல்கத்தாவின் மாறும் ஆற்றல் சைக்ளோட்ரான் மையம் ஆலிஸ் ஆய்வுக்கும், மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் சி.எம்.எஸ். ஆய்வுக்கும் தரவைச் சேமித்துக் கணிக்கின்றன. தட்பவெப்பவியலிலும் இத்தகைய கூட்டமைப்பு உண்டு. புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய புவி மாதிரியின் வெளியீடுகள் அதன்வழி உலக ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன.

3. பளுவும் மறைவும்: இருவகைத் தேவை

கூட்டமைப்பை நாடுவதற்குரிய காரணம் எல்லாத் துறைகளுக்கும் ஒன்றன்று. துகள் இயற்பியலில் காரணம் தரவின் பளு. 500 டெராபைட் அளவுள்ள ஒரு தொகுதியை நொடிக்கு 1 ஜிகாபிட் வேகமுள்ள இணைப்பில் இடைவிடாது அனுப்பினால் 46 நாட்களுக்கு மேல் ஆகும். பத்து மடங்கு வேகமான இணைப்பிலும் நான்கு நாட்களைத் தாண்டும். ஆகவே, தரவைக் கணிப்பாளரிடம் கொண்டுசெல்வதைவிடக் கணிப்பைத் தரவு இருக்கும் இடத்துக்கு அனுப்புவதே சிக்கனமாகிறது.

மருத்துவப் படிமங்களும் இவ்வகையின. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலுள்ள மனித மூளையின் 5,132 வெட்டுத்துண்டுகளின் உயர்நுணுக்கப் படிமங்களைத் ‘தரணி’ என்னும் பெயரில் 2024 டிசம்பரில் கட்டணமின்றி வெளியிட்டது. பூந்தமல்லிக்கு மேற்கே தண்டலத்தில் உள்ள சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இம்முயற்சியில் மருத்துவத் துணை புரிந்த நிறுவனங்களுள் ஒன்று. இத்தகைய படிமங்களை ஒவ்வொரு பயனரும் முழுமையாகப் பதிவிறக்குவது இயலாது. தேவையான வெட்டின் தேவையான பகுதியை மட்டும் திரையில் காட்டுவதே இயல்பான வழியாகும்.

நோய்ப்பரவியல் தரவோ பெரும்பாலும் எழுத்தும் எண்ணும் கொண்டது. லட்சக்கணக்கான பேரின் பதிவுகள்கூட ஒரு சிறிய வட்டில் அடங்கிவிடலாம். எனவே அதன் சிக்கல் பளு அன்று. அவ்வரிசைகள் ஒவ்வொன்றும் ஒரு மனிதரைக் குறிப்பன. தொழுநோயைப் பொறுத்தவரை இது வெறும் கூச்சம் சார்ந்த செய்தியாக இருந்ததில்லை. மணவிலக்குக்குரிய காரணங்களுள் ஒன்றாகத் தொழுநோய் இந்தியத் தனிநபர்ச் சட்டங்களில் இடம்பெற்றிருந்தது. 2019-இல் நிறைவேறிய திருத்தச் சட்டமே அதனை நீக்கியது. 1991-இல் ஆவடிக் களப்பணியாளரிடம் தம் உடலைக் காட்டிப் பெயரைப் பதிவு செய்த ஒருவருக்கு, அப்பதிவு வெளிப்படுவது குடும்ப வாழ்வையே குலைக்கக்கூடியதாக இருந்தது. ஆய்வின் நன்மைக்காக அவர் அளித்த நம்பிக்கையைக் காப்பது தரவின் காப்பாளருக்கு உரிய கடமையாகிறது.

இவ்விரு காரணங்களும் வேறுபட்டவையாயினும் அவற்றின் தீர்வு ஒன்றே: தரவு நகராமல் வினா நகர்தல்.

4. வினா நகரும் முறை

மூன்று மையங்கள் ஒரு நோயின் பரவலைச் சேர்ந்து கணிக்க விரும்புவதாகக் கொள்வோம். முதல் மையத்தில் 400 பேரைச் சோதித்ததில் 20 பேருக்கும், இரண்டாவதில் 1,600 பேரில் 160 பேருக்கும், மூன்றாவதில் 1,000 பேரில் 120 பேருக்கும் நோய்க்குறி காணப்பட்டதாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மையமும் விழுக்காட்டை மட்டும் அனுப்பினால் 5, 10, 12 என்னும் எண்கள் கிடைக்கும். அவற்றின் எளிய சராசரி 9 ஆகும். மாறாக, சோதிக்கப்பட்டோர் தொகையையும் நோயுற்றோர் தொகையையும் அனுப்பினால் 3,000 பேரில் 300 பேர், அதாவது 10 விழுக்காடு என்னும் சரியான விடை கிடைக்கும். எவர் பெயரும் மையத்தை விட்டு வெளியேறவில்லை. ஆயினும் கணிப்பு முழுத் தரவையும் ஓரிடத்தில் குவித்துச் செய்த கணிப்புக்கு நிகராக உள்ளது. எவ்வகைச் சுருக்கத்தை அனுப்பவேண்டும் என்பதை முன்கூட்டியே வரையறுப்பது இம்முறையின் உயிர்நாடி என்பதை இவ்வெடுத்துக்காட்டு உணர்த்துகிறது.

தொகை எண்களிலும் அடையாளம் கசியக்கூடும். ஒரு சிற்றூரில், ஒரு வயதுப் பிரிவில், ஒரு நோய் உடையவர் ஒருவர் மட்டுமே எனில் அந்த ‘1’ என்னும் எண்ணே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். இதனைத் தவிர்க்கக் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறைவான விடைகளை வெளியிடாமல் மறைப்பது வழக்கம். அதுவும் போதுமானதன்று. ஊரார் அனைவரையும் பற்றி ஒரு வினாவும், ஒருவரை மட்டும் நீக்கிய அதே வினாவும் கேட்கப்பட்டால், இரு விடைகளின் வேறுபாடு அவ்வொருவரின் நிலையைத் தெரிவித்துவிடும். ஆகவே, தனித்தனி விடைகளைச் சோதிப்பதோடு, யார் எந்த வினாவை எப்போது கேட்டார் என்னும் பதிவேட்டைப் பேணுவதும் காப்பாளரின் பொறுப்பாகிறது.

5. பொருள் இணையாத எண்கள்

வினா ஒன்றாக இருந்தாலும் விடையளிக்கும் தரவுகள் ஒரே பொருளைக் குறிக்கவேண்டும். கோவிட் பெருந்தொற்றின்போது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய தேசியக் குருதிநீர் ஆய்வுகள் இதற்குத் தெளிவான சான்று. அயப்பாக்க நிறுவனம் முதன்மைப் பங்கு வகித்த இவ்வாய்வுகள் 21 மாநிலங்களின் 70 மாவட்டங்களில் நான்கு சுற்றுகளாக நடைபெற்றன. முதற்சுற்று 2020 மே, ஜூன் மாதங்களிலும், நான்காம் சுற்று 2021 ஜூன், ஜூலை மாதங்களிலும் நிகழ்ந்தன. எதிர்ப்புப்புரதம் காணப்பட்டோரின் விழுக்காடு முறையே 0.73, 6.6, 24.1, 67.6 என வெளியாயிற்று.

இந்நான்கு எண்களையும் ஒரே கோட்டில் இணைத்து வரைபடம் தீட்டுவது எளிது. அவ்வாறு இணைப்பது பிழையான ஒப்பீட்டுக்கு இடமளிக்கும். முதற்சுற்றில் 18 வயதுக்கு மேற்பட்டோர் மட்டுமே சேர்க்கப்பட்டனர். இரண்டாம், மூன்றாம் சுற்றுகளில் 10 வயது முதலும், நான்காம் சுற்றில் 6 வயது முதலும் சேர்க்கப்பட்டனர். இரண்டாம் சுற்றில் 10 வயதுக்கு மேற்பட்டோரிடையே 6.6 என்றிருந்த விழுக்காடு, வயதுவந்தோரை மட்டும் கணக்கிட்டபோது 7.1 ஆக இருந்தது. முதற்சுற்றின் 0.73 என்னும் எண்ணோடு ஒப்பிடத்தக்கது 7.1 ஆகும். குருதியைச் சோதித்த முறையும் எல்லாச் சுற்றுகளிலும் ஒன்றாக இல்லை. மேலும், நான்காம் சுற்றின்போது தடுப்பூசி போடப்பட்டு வந்தமையால், எதிர்ப்புப்புரதம் தொற்றால் வந்ததா தடுப்பூசியால் வந்ததா என்னும் வேறுபாடும் கருதத்தக்கதாயிற்று.

வயது வரம்பு, சோதனை முறை, தடுப்பூசி நிலை ஆகிய விவரங்கள் எண்களோடு பிரிக்கமுடியாதவாறு இணைந்திருந்தால்தான் தொலைவில் உள்ள ஆய்வாளர் இப்பிழையைத் தவிர்ப்பார். மீத்தரவு தரவுக்குப் பின்னிணைப்பு அன்று. தரவைப் படிக்கத்தக்கதாக்குவது அதுவேயாகும்.

6. ஊர்ப்பெயரும் காலமும்

மீத்தரவில் எளிதெனத் தோன்றிப் பிழைக்கு வழிவகுப்பது இடப்பெயர். 1968-ஆம் ஆண்டுப் பதிவில் ‘செங்கற்பட்டு மாவட்டம்’ என்றிருப்பது ஒரு பெரும் நிலப்பரப்பைக் குறிக்கும். 1997-இல் அம்மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று. பெயர் பழையது, எல்லையோ புதியது. ஆவடியும் பூந்தமல்லியும் பழைய பதிவில் செங்கற்பட்டு மாவட்டத்தின. இன்று திருவள்ளூர் மாவட்டத்தின. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. அதன் வட்டம் 2018-இல் சென்னை மாவட்டத்துக்கு மாறியது. ஆவடி நகராட்சி 2019-இல் மாநகராட்சியாக உயர்ந்தது.

இம்மாற்றங்களை அறியாத ஒரு கணிப்பொறி, பழைய செங்கற்பட்டையும் புதிய செங்கல்பட்டையும் ஒன்றெனக் கொண்டு இரு தொகுதிகளையும் இணைத்துவிடும். அதனால் ஒரு மாவட்டத்தில் நோய் திடீரெனக் குறைந்ததாகவோ கூடியதாகவோ பொய்த் தோற்றம் எழும். இடப்பெயரோடு அது வழங்கிய காலத்தையும், எல்லையின் மாற்றத்தையும் இணைத்துத் தரும் பொது இடப்பெயரகராதி கூட்டமைப்பில் உள்ள எல்லா நிறுவனங்களுக்கும் தேவையாகிறது. இவ்விடத்தில் மொழித்துறையாரின் பங்களிப்பு வெளிப்படையானது. ஓர் ஊரின் எழுத்து வேறுபாடுகள், வழக்குப் பெயர்கள், அரசுப் பெயர்கள் ஆகியவற்றைத் தொகுத்து ஒழுங்குபடுத்துதல் தமிழாய்வின் வழக்கமான பணியே.

பதிப்பு மரபும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது வெவ்வேறு இடங்களில் இருந்த ஏடுகளை ஒப்பிட்டார். ஏடு யாரிடமிருந்து கிடைத்தது, அதில் பாடம் எவ்வாறு வேறுபடுகிறது என்பவற்றைக் குறிப்பது பதிப்புத்துறையின் நெறியாக வளர்ந்தது. ஓர் ஏட்டின் மூலத்தை அறியாமல் அதன் பாடத்தை எடைபோட இயலாது. அறிவியல் தரவுக்கும் இது பொருந்தும். ஒரு தொகுதியில் பிழை திருத்தப்பட்டால், திருத்தப்பட்ட வடிவம் புதிய பதிப்பாக எண்ணிடப்படவேண்டும். பழைய வடிவமும் பேணப்படவேண்டும். முன்பு வெளிவந்த கட்டுரை எந்த வடிவத்தைக் கொண்டு எழுதப்பட்டது என்பதைப் பின்வருவோர் அறிய வேறு வழியில்லை. பாடவேறுபாட்டைப் படிகளை ஒப்பிட்டு அறியும் பதிப்பாசிரியரின் பணியைச் சரிபார்ப்புத் தொகை ஒரு பகுதி எளிதாக்குகிறது. எந்தப் பாடம் சரியானது என்னும் தீர்ப்பு மட்டும் அதனால் இயலாதது.

7. அண்மையில் உள்ள தரவு மையங்கள்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை இன்று பெரும் தரவு மையங்களின் இடமாகவும் மாறியுள்ளது. தமிழ்நாடு அரசு 2021-இல் தரவு மையக் கொள்கையை வெளியிட்டது. ரிலையன்ஸ், புரூக்ஃபீல்டு, டிஜிட்டல் ரியால்டி ஆகியவற்றின் கூட்டு நிறுவனமான டிஜிட்டல் கனெக்சியன், 10 ஏக்கர் வளாகத்தில் தன் மையத்தை 2024 ஜனவரியில் திறந்தது. அவ்வளாகம் 100 மெகாவாட் வரை விரியத்தக்கதாகத் திட்டமிடப்பட்டது. என்.டி.டி. உள்ளிட்ட பிற நிறுவனங்களும் இப்பகுதியில் மையங்களை அமைத்துள்ளன.

அயப்பாக்கத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இத்துணைச் சேமிப்புத் திறன் இருப்பது, ஆய்வுத் தரவுக்குரிய சிக்கல் தீர்ந்துவிட்டது என்னும் எண்ணத்தைத் தோற்றுவிக்கலாம். மின்சாரமும் குளிரூட்டலும் கண்ணாடியிழை இணைப்பும் தரவைக் கெடாமல் வைத்திருக்கும். ஒரு நெடுவரிசையில் உள்ள ‘2’ என்னும் குறியீடு ‘நோய் இல்லை’ என்பதைக் குறிக்கிறதா, ‘பரிசோதிக்கப்படவில்லை’ என்பதைக் குறிக்கிறதா என்பதை அவை கூறா. குறியீட்டு விளக்க ஏடு தொலைந்த தரவு எத்தனை சர்வர்களில் பத்திரமாக இருந்தாலும் பயனற்றதே.

அண்மை என்பது ஒரு வகையில் குறையுமாகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வெள்ளம் தேங்கித் தொழிற்கூடங்கள் பாதிக்கப்பட்டன. மூலத்தரவும் அதன் காப்புப்படியும் ஒரே வடிநிலப் பகுதியில் இருந்தால் ஒரே மழை இரண்டையும் தாக்கக்கூடும். படிகளின் எண்ணிக்கையைவிட அவை எதிர்கொள்ளும் இடர் வேறுபட்டிருப்பதே முதன்மையானது. ஃபரீதாபாத்தில் 2022 நவம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட இந்திய உயிரியல் தரவு மையம் 4 பெட்டாபைட் கொள்திறனோடு அமைந்தது. அதன் பேரிடர்க் காப்பிடம் புவனேசுவரத்தில் வைக்கப்பட்டுள்ளமை இந்நெறியைப் பின்பற்றுவதாகும்.

8. உரிமையும் கடமையும்

பகிர்வுக்குரிய சட்ட, நெறிமுறை அடித்தளம் இந்தியாவில் படிப்படியாக உருவாகிவருகிறது. அரசு நிதியில் திரட்டிய தரவைப் பொதுப் பயனுக்குத் திறப்பதற்கான தேசியத் தரவுப் பகிர்வு மற்றும் அணுகல் கொள்கை 2012-இல் வெளியாயிற்று. 2017-ஆம் ஆண்டின் தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள் உயிரியல் மாதிரிகளையும் தரவுத் தொகுதிகளையும் பற்றித் தனிப் பகுதியில் பேசுகின்றன. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆராய்ச்சி மற்றும் புள்ளியியல் நோக்கங்களுக்கு நிபந்தனைகளுடன் விலக்களிக்கிறது. அத்தரவைக் கொண்டு குறிப்பிட்ட தனிநபரைப் பற்றி முடிவெடுத்தல் கூடாது என்பது அந்நிபந்தனைகளுள் ஒன்று. நோயாளர் பதிவுகளைப் பொறுத்தவரை, 2021 செப்டம்பரில் நாடெங்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் மின்னணு நலவாழ்வு இயக்கம் கூட்டமைப்பு வடிவத்தையே தேர்ந்துள்ளது. பதிவு அது உருவான இடத்திலேயே தங்கும்; நோயாளரின் இசைவின் பேரில் உரியவருக்குச் செல்லும்.

பழைய கள ஆய்வுகளுக்கு இவ்விசைவு முறையை அப்படியே பொருத்த இயலாது. 1968-இலும் 1991-இலும் பங்கேற்றோரிடம் இன்றைய வகையான மறுபயன்பாட்டுக்கு ஒவ்வொருவராகச் சென்று இசைவு பெறுவது நடைமுறையில் அரிது. பலர் இன்று உயிருடனும் இருக்கமாட்டார். தரவைப் பூட்டிவைத்தால் அவர்கள் அளித்த உழைப்பு அடுத்த தலைமுறைக்குப் பயன்படாமல் போகும். முழுமையாகத் திறந்துவிட்டால் அவர்தம் குடும்பத்தாருக்குத் தீங்கு நேரலாம். இவ்விரு முனைகளுக்கும் இடையில் கூட்டமைப்பு முறை ஒரு வழியைத் தருகிறது. தரவின் விளக்கத்தை எல்லாருக்கும் திறந்துவைத்தல், வினாவை நெறிமுறைக் குழு ஏற்றபின் அனுமதித்தல், தொகை விடையை மட்டும் வெளியிடுதல் என்னும் மூன்று படிகளும் சேர்ந்து அவ்வழியாகின்றன. தரவின் பெயரும் உள்ளடக்க விளக்கமும்கூட வெளியில் தெரியாத நிலையில், அத்தகைய தரவு உண்டு என்பதையே ஆய்வாளர் அறியார். ஆதலின் தரவு மூடியிருக்கலாம். மீத்தரவு மூடியிருத்தல் ஆகாது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் வினாக்களைச் சரிபார்க்கவும், குறியீடுகளை விளக்கவும், பதிப்புகளைப் பேணவும் பயிற்சி பெற்ற தரவுக் காப்பாளரை நிலையாக அமர்த்தவேண்டும். ஆய்வுத் திட்டத்தின் நிதி முடிந்ததும் இப்பணி நின்றுவிடுமாயின், கூட்டமைப்பின் ஒரு கண்ணி அறுந்துபோகும். ஒரு மையம் விடையளிக்கத் தவறினால் கூட்டுக் கணிப்பு முழுவதும் குறைபட்டதாகிவிடும். சேமிப்புக் கருவிக்கு ஒருமுறை செய்யும் செலவைவிடக் காப்பாளருக்கு ஆண்டுதோறும் செய்யும் செலவே இம்முறையின் வெற்றியை முடிவு செய்கிறது.

முடிவுரை

ஆவடி – அயப்பாக்கம் நோய்ப்பரவியல் ஆய்வுகளை முன்வைத்து மேற்கொண்ட இவ்வாய்வின்வழிப் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

கூட்டமைப்புச் சேமிப்பை நாடுவதற்குத் தரவின் பளுவும் தரவின் மறைவுத்தன்மையும் இரு வேறு காரணங்களாக அமைகின்றன. நோய்ப்பரவியலில் இரண்டாவதே மேலோங்கி நிற்கிறது. தரவு நகராமல் வினாவை நகர்த்தும் முறை இவ்விரு தேவைகளையும் நிறைவு செய்கிறது.

தேசியக் குருதிநீர் ஆய்வுகளின் வயது வரம்பு மாற்றமும், செங்கற்பட்டு என்னும் பெயரின் எல்லை மாற்றமும் காட்டுவதுபோல, எண்களை இணைப்பதற்கு முன் அவற்றின் பொருளை இணைத்தல் வேண்டும். இடப்பெயரகராதி, கலைச்சொல் ஒருமை, பதிப்புநெறி ஆகியவற்றில் தமிழ்த்துறைகள் மருத்துவ நிறுவனங்களோடு இணைந்து பணியாற்ற இடமுண்டு.

சேமிப்பிடத்தின் அண்மையும் பெருக்கமும் பகிர்வை உறுதி செய்வதில்லை. வேறுபட்ட இடர்ச்சூழலில் அமைந்த படிகளும், குறியீட்டு விளக்கமும், நிலையான காப்பாளரும் இணைந்தே அதனை உறுதி செய்கின்றன.

பழைய கள ஆய்வுகளின் விளக்க ஏடுகளையும் பதிவுப் படிவங்களையும், அக்களத்தில் பணியாற்றியவர்கள் அருகில் இருக்கும்போதே தொகுத்து மீத்தரவாக்குதல் முதற்பணியாகக் கொள்ளத்தக்கது. படிவத்தில் உள்ள குறியீட்டின் பொருளை அதனை எழுதியவரே நன்கறிவார். அவ்வறிவு இழக்கப்பட்டபின் எந்தச் சேமிப்பு முறையும் அதனை மீட்டுத்தராது.